சோள அடையை வெயிலில் காயவைத்தவர்

எங்கள் எதிர்வீட்டு பாய் எதையும் திறந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மழை வருமா என்று கேட்டாலும் சரி, ஒரு வரன் அமையுமா என்று கேட்டாலும் சரி, அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான். "ஆறட்டும்க்கா. தெறந்தாத் தெரியும்." மழையை எப்படித் திறப்பது பாய் என்று கேட்டால் சிரிப்பார்.

அவரும் நானும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் சூளைக்காரர். நான் பொம்மைக்குக் கண் எழுதினவள். பள்ளிக்கூடத்தில் நான் எழுதியது கொஞ்சம்தான், கை ஊன்றுவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கம்பெனியில் நான் எழுதிய கண்கள் எத்தனை வீட்டுக் கொலுவில் இன்றைக்கும் முழித்துக்கொண்டிருக்கின்றனவோ. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாலும் தப்பில்லை.

விருத்தாசலத்தில் எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும், உப்பு ஜாடியும் அகல் விளக்கும் இல்லாவிட்டால் ஒரு பீங்கான் நாய்க்குட்டியாவது இருக்கும். எல்லாம் சூளையில் வெந்து வந்தவை. சூளை வேலை என்பது வேகவைப்பதோடு முடிந்துவிடாது. வெந்த பிறகு ஆற வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டுச் சாமான் எல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்த ஆறுகிற நேரம்தான் எல்லோருக்கும் கஷ்டம். என்ன ஆயிற்றோ என்று அரிப்பாக இருக்கும். பாய்க்கு மட்டும் இருக்காது. கதவுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தி விளக்கு ஆர்டர் நெருக்கடி. லாரி வாசலில் வந்து நிற்கிறது. சூளை இன்னும் ஆறவில்லை. முதலாளி வந்து திற என்கிறார். பாய் எழுந்திருக்கவே இல்லை. நான் முதலாளியா நீ முதலாளியா என்று அவர் சத்தம் போட்டார். நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லோரும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டோம்.

"ரெண்டு பேரும் இல்லீங்க. உள்ள இருக்கற சூடுதாங்க மொதலாளி" என்றார் பாய்.

லாரி காத்திருந்தது. கடைசியில் ஆறித் திறந்து பார்த்தால், பாதி விளக்கு, பளபளப்புக்குப் பூசின கிளேஸ் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இவ்வளவு நேரம் காத்துக் கிடந்து இதுதானா என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பாய் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திறந்தால்தான் தெரியும் என்று நான் முன்னாலேயே சொன்னேனே என்றார். நல்லபடியாக வந்திருக்கும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அது உண்மைதான்.

இப்படி ஒரு மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டியைப் பாருங்கள். பாயம்மாவின் கை திறக்கிற கை. உலை கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பாள். குக்கர் விசில் அடங்குமுன் கரண்டியால் குண்டைத் தூக்குவாள். பாய் அந்த நேரம் சமையல்கட்டை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். எதிர்ச்சாரியில் நான் நின்றால், "அவ தெறக்குறா" என்று மட்டும் சொல்வார். கடையில் வாங்கிய பொட்டலத்தைக்கூட பாயம்மா ஆட்டோவிலேயே பிரித்துவிடுவாள். அவளுக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் ஒத்துப்போனது.

கல்யாணமான புதிதில் நடந்ததை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெண், கடலோரம். பீங்கான் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த பாய், இன்றைக்கு முழுக்க பிஸ்கட்டுதான் வேகவைத்தேன் என்றாராம். எங்கள் ஊரில் பிஸ்கட் என்றால், கிளேஸ் பூசுமுன் ஒரு தடவை சுட்டு எடுத்த வெறும் பீங்கான். அவளுக்கு அது எங்கே தெரியும். மாப்பிள்ளை பேக்கரியில் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு வரும்போது கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துவாருங்கள் என்றிருக்கிறாள். அவரும் மறுநாள் மறக்காமல், வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் வாத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். அவள் டீ போட்டு வைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் பத்தாவது எழுதி ரிசல்ட் வந்த அன்று, நம்பரைப் பார்க்கக் கம்ப்யூட்டர் கடைக்குப் போக வேண்டும் என்று குதிக்கிறாள். பாய் முதலில் சாப்பிடு, கூட்டம் குறையட்டும் என்கிறார். பிள்ளை அழுதேவிட்டது. பாயம்மாதான் செருப்பைக்கூட மாட்டாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாஸ். திரும்பி வந்து சொன்னதும் பாய் சந்தோஷப்படாமல் இல்லை. லட்டு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனதில் ஒன்று தங்கிவிட்டது. எங்க அத்தா ஒரு தடவைகூட நீ பாஸாயிடுவேன்னு சொன்னதில்ல பெரியம்மா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெரிய பெண்ணான பிறகும் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே கதைதான். பையன் கத்தாரில் நல்ல வேலை. அவனுடைய அண்ணன் எங்கள் ஊரிலேயே ஜங்ஷன் ரோட்டில் கடை வைத்திருக்கிறான். ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிற கோழி, பரோட்டா, பட்டாணி எல்லாம் அங்கே கிடைக்கும். மாப்பிள்ளை எப்படி பாய் என்று நான் கேட்டேன். ஒரு வருஷம் ஆகட்டும்க்கா என்றார். நிக்காஹ் நடக்கிற மண்டபத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். பாயம்மா அவரை முறைத்த முறைப்பில் அவருக்கே தொப்பி நழுவியது.

மாப்பிள்ளை தங்கமானவன். அதையும் பாய் ஒரு வருஷம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்.

மகளுக்குக் குறை ஒன்றுதான். வயிற்றில் தங்கவில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை நழுவிவிட்டது. மூன்றாவது தடவை தங்கியபோது, கத்தாரிலேயே நல்ல டாக்டர் இருக்கிறார்கள், அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு இங்கே வர முடியாது. அம்மா அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாயம்மாவுக்குப் போக ஆசை. போகப் பயம். பாய்க்கு அதற்கு முந்தின வருஷம்தான் நெஞ்சில் அடைப்பு வந்து, குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் ஆகாது, ஓட்டல் சாப்பாடு கூடாது. அவரோ ஆயுசு முழுக்க நெருப்போடு நின்றவர், அரிசி களையத் தெரியாது. நான் எதற்கு இருக்கிறேன், என் வீட்டிலிருந்து ஒரு வாய் சோறு போகாதா என்றேன். பாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போடுவீங்கக்கா. ஆனா நான் அங்க போயி உக்காந்துக்கிட்டு, எம் புருசனுக்கு ஊரு சோறு போடுதுன்னு இருந்தா எனக்குத் தூக்கம் புடிக்காது. கெளம்பி வந்துடுவேன்." அவள் சொன்னால் செய்கிறவள்.

எனக்கு அது கொஞ்சம் உறைத்தது. நான் ஊரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மகள்தான் இதற்கு வழி சொன்னாள். முந்தின லீவில் வந்தபோது அத்தாவுக்காக ஒரு ஏர் ஃப்ரையர் கொண்டுவந்திருந்தாள். குண்டாக, கருப்பாக, ஒரு சின்ன ட்ராயர் வைத்த மிஷின். எண்ணெய் இல்லாமல் சூட்டுக் காற்றிலேயே வறுத்துவிடும். வீட்டுக்காரரின் அண்ணன் கடையில் புதுச் சாமான் ஒன்று வந்திருக்கிறது, மக்காச்சோள அடை, உள்ளே சீஸ் வைத்தது, ஐஸில் கட்டியாக இருக்கும், அப்படியே மிஷினில் வைத்துப் பாதியில் ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும், காலையும் ராத்திரியும் அது, மத்தியானத்துக்கு ரொட்டியும் வேகவைத்த காயும் என்று போனிலேயே எல்லாம் ஏற்பாடு செய்தாள். கடையிலிருந்து அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

மக்காச்சோளம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கருவேப்பிலங்குறிச்சிப் பெண். திட்டக்குடிக்கு அந்தாண்டை எங்கள் சொந்தக்காரர்கள் ஏக்கர் கணக்கில் மக்காச்சோளம் போடுகிறவர்கள். எல்லாம் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிற சரக்கு. "கோழிக்குப் போடுறத ஐஸுல வெச்சு உங்களுக்கு விக்கிறாங்களா பாய்" என்றேன். "கோழி நல்லாத்தான இருக்குது" என்றார் அவர்.

பாயம்மா விமானம் ஏறினாள். போகும்போது வாசலில் நின்று, தினம் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவேன், முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், சாப்பிடவில்லை என்று தெரிந்தால் மறுநாளே வந்து நிற்பேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். துணி காயப்போட மாடிக்குப் போனால், எதிர்மாடியில் பாய் கையில் ஒரு குச்சியோடு நிற்கிறார். பக்கத்தில் பழைய பீங்கான் தட்டுகள் வரிசையாக இருந்தன. தட்டுக்கு இரண்டாக மஞ்சள் மஞ்சளாக வட்டமாக ஏதோ கிடந்தது. காக்காய் மதிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னாங்க பாய் அது, வடாமா?"

"இல்லக்கா. அந்தச் சோள அடை. ஐஸு தண்ணியாவுது பாருங்க. ஈரம் போவட்டும்னு வெச்சிருக்கேன்."

"ஐஸோட அப்படியே வெக்கச் சொல்லித்தான உங்க பொண்ணு சொல்லுச்சு?"

"அது சின்னப் பொண்ணு. ஈரத்தோட நெருப்புல வெச்சா என்னா ஆவும், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் தெரியாதவர்கள் இல்லை. ஒரு மழைக்காலத்தில் புதிதாக வந்த ஆள் சரியாகக் காயாத யானைகளைச் சூளையில் அடுக்கிவிட்டான். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, யானைகள் படபடவென்று வெடித்தன. தும்பிக்கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். பக்கத்தில் இருந்த நல்ல சாமானையும் சேர்த்துக் கெடுத்துவிட்டன. அதைப் பார்த்தவர்கள் யாரும், ஐஸ் கட்டியைக் கொண்டுபோய் நெருப்புக்குள் வை என்றால் வைப்பார்களா. பாய் சொன்னது எனக்கு முழு நியாயமாகப் பட்டது. ஒரு பக்கமே காயுது பாருங்க, திருப்பி விடுங்க என்று நானும் மாடியிலிருந்து யோசனை சொன்னேன்.

வெயிலுக்கு அந்த அடை என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள். தண்ணீர் விட்டு, தொளதொளத்து, உள்ளே இருந்த சீஸ் வேர்வை மாதிரி கசிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. எறும்பு வந்தது. பாய் அதை வழித்து எடுத்து மிஷினில் வைத்துச் சுட்டார். சுட்டபிறகு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. மிஷின் மணி அடித்து நின்ற பிறகும் திறக்கவில்லை. புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் ஸ்டூலில் போய் உட்காருவார். புறங்கைக்குச் சில்லென்று ஆன பிறகுதான் ட்ராயரை இழுப்பார். அதற்குள் அடை ஓடு மாதிரி ஆகியிருக்கும். அதை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டார். காலையும் அது, ராத்திரியும் அது. யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் வெயிலில் வைத்ததைப் பார்த்ததோடு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்.

பிரசவத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கும்போது பாயம்மா எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, அவுங்க கன்னம் ஒட்டிப்போயி கெடக்குது. கேட்டா சாப்புட்டேங்கறாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் உங்களக் கேக்குறேன். சாப்புடுறாங்களா இல்லியா?"

இந்தப் பக்கம் மகளை நினைத்தேன். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் அம்மா கிளம்பினால் அந்தப் பெண் என்ன ஆகும். அந்தப் பக்கம் பாயை நினைத்தேன். நெஞ்சில் குழாய் வைத்த ஆள். ஆமாம் சாப்பிடுகிறார் என்று சும்மா சொல்லிவிடலாம்தான். ஆனால் பாயம்மா கேட்டது என்னை. நான் சொல்லி அது பொய்யாகப் போனால் அப்புறம் நான் யார்.

"நாளைக்கு சாயங்காலம் நான் பக்கத்துல இருக்கும்போது கூப்புடு பாயம்மா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் நேராக அவர் சமையல்கட்டுக்குள் போனேன். கேட்கவில்லை, போனேன். மேடை மேல் ஒரு தட்டில் அன்றைய அடை இருந்தது. கடித்துப் பார்த்தேன். எனக்கு மீதி இருக்கிற பல் எனக்கு வேண்டும் என்று கீழே வைத்துவிட்டேன்.

"பாய், இது அடையில்ல. பிஸ்கட்டு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதுதான் கன்னம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தது. கிளேஸ் பூசினால் விற்றுவிடலாம் என்றார். நான் சிரிக்கவில்லை. பாயம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ வந்துடக் கூடாதுக்கா என்றார். பொண்ணு தனியா இருக்கும் என்றார்.

"எழுந்திருங்க. ஐஸு பெட்டியிலேர்ந்து எடுங்க. உங்க பொண்ணு சொன்னமாரி அப்படியே வெப்போம்."

"வெடிக்கும்க்கா."

"வெடிச்சா வெடிக்கட்டும். உங்க பொண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அடுக்குவதை மட்டும் அவரே செய்தார். என்னை விடவில்லை. சூளையில் கிளேஸ் பூசின சாமானை அடுக்குகிற மாதிரி, ஒன்றை ஒன்று தொடாமல், சுற்றிக் காற்று ஓட விரல்விட்டு அளந்து வைத்தார். கல் மாதிரி கட்டியாக, மேலே வெள்ளை பூத்து இருந்தன. பட்டனை அமுக்கியதும் மிஷின் உஸ்ஸென்று ஆரம்பித்தது. பாய் வாசல்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினார். நான் போகவில்லை. உள்ளுக்குள் எனக்கும் யானைதான் ஞாபகம். ஆனால் அவர் பார்க்க நகர மாட்டேன்.

வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சோளம் வறுபடுகிற வாசனை வந்தது. கதிரைக் கரியில் சுடுகிற வாசனை, ஆனால் கூடவே பால் காய்ச்சுகிற வாசனையும் இருந்தது. பாதியில் திருப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்து, நான் ட்ராயரில் கையை வைத்தேன்.

"அக்கா, வேணாம்" என்றார் பாய். மெதுவாகத்தான் சொன்னார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாயம்மா குக்கர் குண்டைத் தூக்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி.

இழுத்தேன். உஸ் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாகக் கரண்டியால் புரட்டினேன். அடிப்பக்கம் பொன்னாகியிருந்தது. ட்ராயரைத் தள்ளினேன். மறுபடியும் உஸ்.

அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வந்தார். அவரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், நின்றது. தள்ளினார், ஓடியது. இன்னொரு தடவை செய்யப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன்.

"தெறந்தா நின்னுக்குது. மூடினா ஓடுது" என்றார். மிஷினை ஒரு தட்டுத் தட்டி, "நம்ம சூளைக்கு இந்த மரியாதை கெடையாதுக்கா" என்றார்.

மணி அடித்ததும் அவர் புறங்கையைக் கொண்டுபோகுமுன் நானே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். மேலே மொறுமொறுவென்று இருந்தது. பிட்டால் உள்ளே சீஸ் இளகி நூலாக வந்தது. பாய் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை இறக்கினார். நூல் அறவில்லை. தட்டை இன்னும் இறக்கினார். அது இன்னும் நீண்டது. வாயில் ஒரு முனை, தட்டில் ஒரு முனை, நடுவில் மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. எப்படி இருக்குது பாய் என்று கேட்டேன். ஆறட்டும் என்றார், நாக்கு சுட்டுவிட்டது. ஆனால் ஆறுவதற்குள் இரண்டு தின்றுவிட்டார். நானும் தின்றேன். கோழிகள் கொடுத்துவைத்தவை.

மூன்றாவதைக் கையில் எடுக்கும்போது பாயம்மா கூப்பிட்டாள். பாய் போனை என்னிடம் கொடுத்தார்.

"சாப்புட்டாரு பாயம்மா. சுடச்சுட சாப்புட்டாரு. நான் பாத்தேன். இனிமே தெனம் சாப்புடுவாரு" என்றேன். தட்டையும் காட்டினேன். அவள் அவர் முகத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சரி, நாளைக்கு வேலை இருக்குது, நான் இங்கேயே இருக்கேன் என்றாள். மறுநாள்தான் அறுவை.

பிறகு போனை மகள் வாங்கினாள். படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பெரியம்மா நல்லாயிருக்கீங்களா என்று கேட்டாள். அப்புறம் அத்தாவைப் பார்த்தாள்.

"அத்தா, எல்லாம் நல்லபடியா ஆவுமா?"

எனக்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள் பாருங்கள். ஒரு ஆசைதான். அந்த வார்த்தையை இன்றைக்குச் சொன்னீரானால் இந்தத் தெருவில் உமக்குக் குடியிருப்பு இல்லை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆவும்மா. நல்லபடியா ஆவும்."

அந்தப் பெண் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா அத்தா?"

"நெஜமாத்தாம்மா. நான் சொல்றேன்ல. போயித் தூங்கு."

போனை வைத்த பிறகு அந்த மூன்றாவது அடை அப்படியே கிடந்தது. "அவசரப்பட்டுட்டேன்க்கா" என்றார். பெற்ற பிள்ளைக்கு அதுகூடச் சொல்லாவிட்டால் என்ன மனுஷன் என்று நான் சத்தம் போட்டேன். அவர் காதில் ஏறவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார், ஆறாத சூளையைத் திறந்துவிட்ட கை மாதிரி.

மறுநாள் காலையில் தொழுகை முடித்து வந்தவர், வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போன் சட்டைப் பையில். நான் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆய்ந்தேன். கீரை முடிந்துவிட்டது. முடிந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறி அவர் காலைத் தொட்டது, அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. பையிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. நான்தான் எழுந்து போய் எடுத்து அமுக்கினேன். பாயம்மாவின் முகம் திரையை அடைத்துக்கொண்டு தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"பொண்ணு பொறந்திருக்குது. தாயும் நல்லாயிருக்கா, புள்ளையும் நல்லாயிருக்குது. இந்தா பாருங்க, இந்தா, பேத்தியப் பாருங்க."

போனைக் குழந்தைப் பக்கம் திருப்பினாள். வெள்ளைத் துணிக்குள் சிவப்பாக ஒரு முகம். நான் பார்த்துவிட்டேன். பாய் பார்க்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடிக்காமல் காதில் வைத்துக்கொண்டார்.

"காதுல ஏன் வெக்கிறீங்க, பாருங்கங்கறேன்" என்று உள்ளிருந்து பாயம்மா கத்துவது எனக்கே கேட்டது.

"அழ வையி" என்றார் பாய்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சூளையிலிருந்து எடுத்த சாமானை வெறும் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. பளபளவென்று இருக்கும், உள்ளே மயிரிழைக் கீறல் ஓடியிருக்கும். அதனால் கையில் ஏந்தி, விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வாங்குவார்கள். முழுசாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். கீறல் இருந்தால் சத்தம் செத்துவிடும். பாய் ஆயுசு முழுக்க அப்படித்தான் கேட்டவர்.

அங்கே யாரோ குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டியிருக்க வேண்டும். அது கத்தியது. எட்டி நின்ற எனக்கே கேட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது மூச்சு வாங்கி மறுபடியும் கத்தியது, அதையும் கேட்டார்.

"கீறல் இல்லக்கா" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகுதான் போனைத் திருப்பி முகத்தைப் பார்த்தார்.